ஆரக்கிள் பார்க்: ஒரு மூலை 309 அடி, இன்னொரு மூலை 415 அடி. இது என்ன கணக்கு?

சன்னிவேல்_புதுவரவு எழுதியது:

வணக்கம் மக்களே. ஆபீஸில் டீமோடு சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் மேட்சுக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்டம் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் மைதானம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து இத்தனை அடி தூரம் என்று இடது ஓரச் சுவரில் 339 எழுதியிருக்கிறது, வலது ஓரத்தில் 309. அந்த 309க்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் 415! சுவரின் உயரமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஸ்கூல் கிரவுண்டில் கிணறு இருக்கிற மூலையை விட்டுவிட்டு எல்லைக்கோடு போடுவோமே, அந்த மாதிரி இருக்கிறது. கோடிக்கணக்கில் பணம் புரளும் லீக்கில் இப்படி ஒரு கோணல் மைதானத்தை எப்படி விட்டார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஸ்கோர்புக் எழுதியது:

நல்ல கேள்வி. பேஸ்பாலில் கறாரான அளவு எல்லாம் உள்வட்டத்துக்கு மட்டும்தான். ஓடித் தொட வேண்டிய பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி, பந்து எறியும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். இதில் ஒரு அங்குலம் மாறக்கூடாது. அவுட்ஃபீல்ட், அதாவது வெளிக்களம், எவ்வளவு தூரம் போகலாம், சுவர் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அந்தந்த ஊர்ப்பாடு.

இதற்குக் காரணம் பழைய மைதானங்கள். அவை ஊர் நடுவில், தெருக்களுக்கு இடையில் கிடைத்த மனையில் கட்டப்பட்டவை. பாஸ்டனில் 1912ல் திறந்த ஃபென்வே பார்க்கைப் பாருங்கள். இடது பக்கம் லேன்ஸ்டவுன் தெரு குறுக்கே ஓடுகிறது, அதைத் தாண்டி மைதானத்தை இழுக்க முடியாது. அதனால் அங்கே 37 அடி உயரத்துக்கு ஒரு சுவர். அதுதான் புகழ்பெற்ற 'கிரீன் மான்ஸ்டர்'.

பிறகு 1960, 70களில் ஃபுட்பாலுக்கும் பேஸ்பாலுக்கும் சேர்த்து ஒரே வட்டமான கான்கிரீட் கிண்ணங்களைக் கட்டித் தள்ளினார்கள். பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, ஃபிலடெல்ஃபியா மூன்றிலும் ஒரே அச்சு. எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியாது. அந்த அலுப்பிலிருந்து மீண்டது 1992ல், பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் வந்தபோது. செங்கல் முகப்பு, பேஸ்பாலுக்கு மட்டுமேயான அமைப்பு, ரைட் ஃபீல்ட் என்ற வலது வெளிக்களத்துக்குப் பின்னால் ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள பழைய ரயில்வே கிடங்கு. அதற்குப் பிறகு வந்த மைதானங்களில் பெரும்பாலானவை அந்தப் பாணிதான். வடிவமைத்த நிறுவனமும் பல இடங்களில் ஒன்றே. ஆரக்கிள் பார்க்கும் அதே எச்.ஓ.கே. ஸ்போர்ட் கைவண்ணம்.

ஒரு வித்தியாசம் உண்டு. கேம்டனுக்குப் பின் வந்த பல இடங்களில் கோணலை வேண்டுமென்றே வரைந்து சேர்த்தார்கள். காலி நிலம் கிடந்தும், பழசு மாதிரி தெரியட்டும் என்று சுவரை உடைத்து வளைத்தார்கள். எனக்கு அது நாடக மேடை செட் மாதிரித்தான் படுகிறது. ஆரக்கிள் பார்க்கில் அப்படி இல்லை. கிடைத்தது சைனா பேசின் கரையில் சுமார் 13 ஏக்கர். ரைட் ஃபீல்ட் பக்கம் நிலம் தீர்ந்துபோய்த் தண்ணீர் ஆரம்பிக்கிறது. 309 அடி என்பது கடல் போட்ட கோடு.

1958க்குப் பிறகு கட்டும் மைதானங்களில் ஓரக்கோடு குறைந்தது 325 அடி இருக்க வேண்டும் என்று லீக் விதி இருக்கிறது. இதற்கு விதிவிலக்கு வாங்கித்தான் கட்டினார்கள்.

கோடம்பாக்கம்_குமார் எழுதியது:

அப்போ ரைட் பக்கம் சுவரைத் தாண்டித் தட்டிவிட்டா சுலபமா ஹோம் ரன் தானே? 309 அடின்னா 94 மீட்டர். நம்ம ஆளுங்க டி20ல அதுக்கு மேலயே அடிக்கறாங்க.

பழைய_ஸ்கோர்புக் எழுதியது:

குமார், காகிதத்தில் அப்படித்தான். களத்தில் நிலைமை தலைகீழ். மூன்று விஷயங்கள் குறுக்கே நிற்கின்றன.

முதலில் சுவர். ரைட் ஃபீல்டில் 24 அடி உயரம். அந்த எண் தற்செயல் இல்லை. ஜயன்ட்ஸின் மாபெரும் ஆட்டக்காரர் வில்லி மேஸ் அணிந்தது 24. மைதானத்தின் முகவரியே 24, வில்லி மேஸ் பிளாசா. வாசலில் அவர் சிலை, அதைச் சுற்றி 24 பனைகள்.

அடுத்தது, நீங்கள் கவனித்த அந்த 415. அது முன்பு 421 அடியாக இருந்தது. வலது ஓரத்திலிருந்து சுவர் விறுவிறுவென்று உள்வாங்கிப் போவதால், வலதுக்கும் நடுவுக்கும் இடையே, ரைட்-சென்டரில், ஒரு பெரிய பள்ளத்தாக்கு மாதிரி இடம் கிடைக்கிறது. அங்கே விழுந்த பந்தைத் துரத்திப் பிடித்து எறிவதற்குள் பேட்டர் மூன்றாவது பேஸுக்கு வந்துவிடுவார். அதனால்தான் அதற்கு 'டிரிபிள்ஸ் ஆலி' என்று பெயர். வேறு ஊரில் ஹோம் ரன் ஆகும் அடி இங்கே கேட்ச்.

கடைசியாகக் காற்று. கடலிலிருந்து வரும் ராத்திரிக் காற்று குளிர்ந்து கனமாக இருக்கும், பந்து மிதக்காது. ஹோம் ரன் அரிதான மைதானங்களின் பட்டியலில் இது பல ஆண்டுகள் இருந்ததற்கு இதெல்லாம் சேர்ந்த காரணம்.

சுவருக்கு வெளியே ஒரு நடைபாதை, அதற்கப்பால் தண்ணீர். அதை மெக்கவி கோவ் என்பார்கள், பழைய நட்சத்திரம் வில்லி மெக்கவி பெயரில். ஜயன்ட்ஸ் வீரர் அடித்த பந்து எங்கும் படாமல் நேரே தண்ணீரில் விழுந்தால்தான் அது 'ஸ்பிளாஷ் ஹிட்'. நடைபாதையில் குதித்து விழுந்தால் கணக்கில் வராது. எதிரணி அடித்தாலும் இந்தக் கணக்கில் சேராது. ரைட் ஃபீல்ட் சுவரிலேயே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். 2000 மே 1 அன்று முதல் அடி பாரி பாண்ட்ஸுடையது. மொத்தம் 35 அவர் மட்டும் அடித்தார். எல்லாம் இடக்கை பேட்டர்கள் ராஜ்ஜியம். வலக்கை பேட்டர் ஒருவர் அங்கே பந்தைத் தண்ணீரில் போட 2024 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெலியட் ராமோஸ், சான் டியேகோவுக்கு எதிராக.

இன்னொன்று: அந்தச் சுவர் செங்கல்லும் வளைவுகளும் கம்பிவலையுமாகக் கலந்து கட்டியது. பந்து பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. 2007ல் இங்கே நடந்த, நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இச்சிரோ அடித்த பந்து சுவரில் பட்டு எதிர்பாராத திசையில் ஓட, ரைட் ஃபீல்டில் நின்ற கென் கிரிஃபி ஜூனியர் வேறு பக்கம் காத்திருந்தார். இச்சிரோ ஓடியே ஹோம் வந்து சேர்ந்தார். ஆல்-ஸ்டார் வரலாற்றில் பந்து மைதானத்தை விட்டு வெளியேறாமல் வந்த ஒரே ஹோம் ரன் அது.

டேலி_சிட்டி_மாமா எழுதியது:

தம்பிகளா, இந்த மைதானத்தின் அருமை தெரிய வேண்டுமானால் இதற்கு முன்னால் இருந்த கேண்டில்ஸ்டிக் பார்க்கைப் பற்றித் தெரிய வேண்டும். 1960 முதல் 1999 வரை ஜயன்ட்ஸ் அங்கேதான் ஆடியது. ஊருக்குத் தெற்கே, விரிகுடா ஓரத்தில், காற்று நேரே வந்து மோதும் முனையில் கட்டிவைத்தார்கள். ஜூலை மாத ராத்திரி ஆட்டத்துக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு போவோம் என்றால் நம்ப மாட்டீர்கள். 1961 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஸ்டு மில்லர் என்ற பிட்சரைக் காற்று தள்ளி, நடுவர் 'பாக்' (பிட்சரின் விதிமீறல்) கொடுத்தார். அவரை மேட்டிலிருந்தே காற்று தூக்கிப் போட்டது என்று கதை பெருத்துவிட்டது. நிஜத்தில் கொஞ்சம் ஆடிப்போனார், அவ்வளவுதான்.

குளிருக்கு மருந்தாக இருக்கைகளுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதித்தார்கள். அது சூடு கொடுக்கவே இல்லை. மெல்வின் பெல்லை என்ற பிரபல வக்கீல், சீசன் டிக்கெட் வாங்கியவர், வழக்குப் போட்டு ஜெயித்தார்! 1980களில் கிளப்பே தன்னைத்தானே கேலி செய்துகொண்டது. ராத்திரி ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போய், கடைசி வரை உட்கார்ந்திருந்தால் ஒரு பின் கொடுப்பார்கள். அதில் பனி மூடிய ஜயன்ட்ஸ் சின்னமும், 'வந்தேன், கண்டேன், பிழைத்தேன்' என்று லத்தீன் வாசகமும் இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1989 அக்டோபர் 17, சாம்பியனை முடிவு செய்யும் வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. உள்ளே 60,000 பேருக்கு மேல். அந்தப் பழைய கான்கிரீட் தாங்கியது. அதற்காகவாவது அதை முழுக்கத் திட்ட மனம் வராது.

புது மைதானம் கட்டும்போது காற்றுக்குப் பயந்து, யு.சி. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் சோதித்துப் பார்த்துத்தான் எந்தத் திசை நோக்கி வைப்பது என்று முடிவு செய்தார்கள். இப்போதும் குளிரும். ஆனால் பிளாஸ்டிக் கவரும் ஹாட்டாக் காகிதமும் சுழன்று முகத்தில் அடிப்பதில்லை.

வரிப்பணம்_எங்கே எழுதியது:

எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் இந்த மைதானத்தில் முக்கியமானது அதற்குப் பணம் வந்த வழி. செலவு 35.7 கோடி டாலர். 1962ல் டாட்ஜர் ஸ்டேடியத்துக்குப் பிறகு தனியார் பணத்தில் கட்டப்பட்ட முதல் பெரிய லீக் மைதானம் இதுதான்.

முதலாளிகள் தாராள மனதோடு செய்தது இல்லை இது. மக்கள் விடவில்லை. 1987ல் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் புது மைதானத் திட்டத்தை நிராகரித்தார்கள். 1989ல் மறுபடி, நிலநடுக்கம் வந்து மூன்றே வாரத்தில் வாக்கெடுப்பு, மயிரிழையில் தோற்றது. 1990ல் சான்டா கிளாரா கவுன்டி, 1992ல் சான் ஹோசே. அங்கேயும் 'வேண்டாம்'தான். வெறுத்துப்போன உரிமையாளர் பாப் லூரி, அணியை ஃபுளோரிடாவின் தாம்பா பே பக்கம் 11.5 கோடி டாலருக்கு விற்கவே ஒப்புக்கொண்டுவிட்டார். மற்ற உரிமையாளர்கள் அதைத் தடுத்த பிறகு, சேஃப்வே நிறுவனத் தலைவர் பீட்டர் மகோவன் தலைமையில் உள்ளூர்க் குழு 10 கோடிக்கு வாங்கியது. அதே 1992 டிசம்பரில் பாரி பாண்ட்ஸை ஒப்பந்தம் செய்தார்கள்.

நான்கு தடவை அடி வாங்கியபின் 1996ல் வைத்த திட்டம் வேறு மாதிரி: கட்டடச் செலவுக்கு வரிப்பணம் கேட்கவில்லை, கரையோரக் கட்டட உயரக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு மட்டும் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு ஜெயித்தது. அப்புறம் வங்கிக் கடன் 17 கோடி. பெயர் உரிமையை பசிபிக் பெல் தொலைபேசி நிறுவனத்துக்கு விற்றார்கள். நல்ல இருக்கைகளுக்கு ஆயுள் உரிமை என்று ஒரு சீட்டு விற்றார்கள். 2000 ஏப்ரல் 11 அன்று திறந்தது.

காவிரிக்கரை எழுதியது:

தனியார் பணம் என்று ஒரேயடியாகக் கொண்டாட வேண்டாம் சார். நிலம் துறைமுகத்துடையது, குத்தகைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். மறுவளர்ச்சி முகமையிடமிருந்து கொஞ்சம் வரி வழிச் சலுகையும் கிடைத்தது. சுற்றுப்புறச் சாலை, ரயில் வசதியெல்லாம் யார் செய்தது? மைதானம் வந்ததும் அக்கம்பக்க நில மதிப்பு எங்கே போனது என்று பாருங்கள். எதிரே கார் நிறுத்தமாகக் கிடந்த இடத்தில் இப்போது மிஷன் ராக் என்று அடுக்குமாடிகள், விசா நிறுவனத் தலைமையகம். அந்தத் திட்டத்திலும் ஜயன்ட்ஸ் பங்காளி. லாபம் வரும் இடம் ஆட்டம் மட்டும் இல்லை.

வரிப்பணம்_எங்கே எழுதியது:

சலுகை இருந்தது உண்மை. ஆனால் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு பங்கு. மற்ற ஊர்களில் கட்டடத்தையே அரசு கட்டிக் கொடுத்து, லாபத்தை அணி எடுத்துக்கொண்டு போகிறது. கடனை அணியே மாதாமாதம் கட்டும்போது டிக்கெட் விற்றாக வேண்டிய கட்டாயம் வரும். அதனால்தான் பார்வையாளர் அனுபவத்தில் இவ்வளவு கவனம் எடுத்தார்கள் என்பது என் எண்ணம். 2010 அக்டோபரிலிருந்து 2017 ஜூலை வரை தொடர்ச்சியாக 530 ஆட்டங்கள் ஹவுஸ்ஃபுல்.

ரொறன்ரோ_தம்பி எழுதியது:

எங்கட ஊர்க் கதையையும் சொல்லட்டோ? 1989ல ஸ்கைடோம் திறந்தவை. கூரை முழுக்கத் திறந்து மூடும், அந்த நேரம் உலகமே வாயைப் பிளந்து பாத்தது. 57 கோடி கனடா டொலர் செலவு, பெரும்பாகம் அரசாங்கத்தின்ர தலையில. கடைசியில 2004ல ரோஜர்ஸ் கொம்பனி அதை வாங்கின விலை 2.5 கோடி! ஒரு நல்ல பிட்சரின்ர சம்பளம்தான். இப்ப அதுக்கு ரோஜர்ஸ் சென்டர் எண்டு பேர்.

ஆனா வடிவத்தைப் பற்றிச் சொன்னியள்தானே, எங்கட மைதானமும் கனகாலம் ரெண்டு பக்கமும் ஒரே அளவா, அளந்து வெட்டினது போலத்தான் இருந்தது. 2023ல திருத்தினபோதுதான் அவுட்ஃபீல்ட் சுவர்களை வேற வேற தூரம், வேற வேற உயரம் எண்டு மாத்தினவை. இப்ப பந்து சுவரில பட்டு எங்க போகும் எண்டு பாக்கிறதே ஒரு பம்பல்.

கோடம்பாக்கம்_குமார் எழுதியது:

பாண்ட்ஸ் பாண்ட்ஸ்னு சொல்றீங்களே, அவர் ஊக்கமருந்து கேஸ்ல மாட்டினவர்தானே? அவர் அடிச்ச 35ஐ எதுக்கு இன்னும் சுவர்ல எண்ணிக்கிட்டு இருக்காங்க?

டேலி_சிட்டி_மாமா எழுதியது:

இதைக் கேட்காமல் எந்த இழையும் முடியாது போல! 2001ல் ஒரே சீசனில் 73 ஹோம் ரன், 2007 ஆகஸ்ட் 7 அன்று ஹேங்க் ஆரனின் 755ஐத் தாண்டிய 756வது அடி, இரண்டும் இந்த மைதானத்தில்தான். பக்கத்து பர்லிங்கேமில் இருந்த, வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பால்கோ ஆய்வகத்தை 2003ல் சோதனை போட்டதிலிருந்து அந்தச் சாதனைகள் மேல் நிழல் விழுந்துவிட்டது. பேஸ்பாலின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்கு நடந்த 10 வாக்கெடுப்புகளிலும் எழுத்தாளர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் அவருடைய 25ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்து மரியாதை செய்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு நியாயம், உள்ளே ஒரு நியாயம். நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன். ஆனால் அவர் மட்டையை எடுத்தால் நாற்பதாயிரம் பேரும் பாப்கார்னைக் கீழே வைத்துவிடுவார்கள், அதை மறுக்க முடியாது.

73வது பந்துக்கு ஒரு வேடிக்கை உண்டு. ரைட் ஃபீல்ட் வளைவுகளுக்கு மேலே உள்ள மேடையில் விழுந்தது. ஒருவர் கையுறையில் பட்டது, கூட்டம் அமுக்கியதில் நழுவியது, இன்னொருவர் எடுத்தார். யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் நீதிபதி. பத்து லட்சம் டாலருக்கு மேல் கனவு கண்ட பந்து 4.5 லட்சம் டாலருக்குத்தான் போனது. சட்டக் கல்லூரிகளில் சொத்துரிமைப் பாடத்தில் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள்.

நிர்வாகி:

பாண்ட்ஸ் நல்லவரா கெட்டவரா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே மைதானம் பற்றி மட்டும்.

சன்னிவேல்_புதுவரவு எழுதியது:

மேலே 421 என்பது 415 ஆனது என்றீர்களே, ஏன் குறைத்தார்கள்? ஹோம் ரன் போதவில்லை என்றா?

பழைய_ஸ்கோர்புக் எழுதியது:

அதுவும் ஒரு பலன், ஆனால் முதல் காரணம் புல்பென். மாற்று பிட்சர்கள் கை சூடேற்றும் இடம் 2019 வரை களத்துக்குள்ளேயே, ஃபவுல் கோடு என்ற ஓரக்கோட்டுக்கு வெளியே இருந்தது. ஃபவுல் பந்தை அண்ணாந்து பார்த்தபடி ஓடி வருபவர் அந்த மேட்டில் தடுக்கி விழும் ஆபத்து எப்போதும் உண்டு. 2020ல் அதை சென்டர் ஃபீல்ட் சுவருக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அதற்கு இடம் பண்ணுவதற்காகச் சுவரை முன்னால் தள்ளினார்கள். சென்டர் 399 அடியிலிருந்து 391, ரைட்-சென்டர் 421லிருந்து 415. சுவரின் உயரத்தையும் சில இடங்களில் குறைத்தார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மறுபேச்சு கிடையாது. ஆனால் டிரிபிள்தான் பேஸ்பாலிலேயே பார்க்க அழகான ஓட்டம் என்று நினைக்கும் என் போன்றவர்களுக்கு அந்த 6 அடி போனது உறுத்துகிறது. ஓரக்கோட்டின் 309 மட்டும் அப்படியே இருக்கிறது. அதை யார் தொட முடியும்?

மல்லிகா_ஃப்ரீமான்ட் எழுதியது:

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் பங்குக்கு. லெஃப்ட் ஃபீல்டுக்குப் பின்னால் 80 அடி நீளப் பாட்டில் வடிவமும், 1927 கால நான்கு விரல் கையுறையின் பிரம்மாண்ட மாதிரியும் இருக்கும். பாட்டிலுக்குள்ளே சறுக்குமரம். சின்னது அங்கே போனால் ஆட்டம் முடியும்வரை திரும்பாது. சாப்பாட்டுக்கு கில்ராய் பூண்டு போட்ட உருளைக்கிழங்கு ஃப்ரைஸ், சைவம்தான், ஆனால் மறுநாள் காலை வரை வாசம் போகாது. கார் வேண்டாம். கால்ட்ரெயினில் கடைசி நிறுத்தம் இறங்கி நடந்தால் கூப்பிடு தூரம். டிக்கெட் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஹோம் பிளேட்டுக்கு நேர் மேலே உச்சி மாடியில் உட்கார்ந்தால் களமும் விரிகுடாவும் பே பிரிட்ஜும் சேர்ந்து தெரியும். எட்டாவது இன்னிங்ஸ் வாக்கில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து சுற்றும், மீதியிருக்கும் ஃப்ரைஸுக்காக. தலைக்கு ஒரு தொப்பி அவசியம், சொல்லிவிட்டேன்.

காசே இல்லாமலும் பார்க்கலாம். ரைட் ஃபீல்ட் சுவரின் வளைவுகளுக்கு வெளியே அந்தக் கரையோர நடைபாதையில் நின்று கம்பிவலை வழியே ஆட்டம் பார்க்கலாம். கூட்டம் அதிகமானால் மூன்று இன்னிங்ஸ் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.

கோடம்பாக்கம்_குமார் எழுதியது:

கடைசியா ஒண்ணு. இங்க கிரிக்கெட் ஆட முடியுமா? நம்ம ஜனம் பே ஏரியால இவ்ளோ இருக்கே.

பழைய_ஸ்கோர்புக் எழுதியது:

ஆரக்கிள் பார்க்கில் கஷ்டம். ஃபவுல் பகுதி ரொம்பக் குறுகல், இருக்கைகள் கோட்டை ஒட்டியே வந்துவிடும். அதோடு தண்ணீர்ப் பக்கம் வெட்டுப்பட்ட மூலை. பிட்சை எங்கே போட்டாலும் ஒரு பக்க பவுண்டரி விளையாட்டுத்தனமாகச் சின்னதாகிவிடும். பேஸ்பால் மைதானத்தில் கிரிக்கெட் புதுசு இல்லை. 2015ல் டெண்டுல்கரும் வார்னும் அணி திரட்டி நியூயார்க் சிட்டி ஃபீல்ட், ஹூஸ்டன், டாட்ஜர் ஸ்டேடியம் மூன்றிலும் ஆடினார்கள். நம் முரளிதரனும் டெண்டுல்கர் அணியில் இருந்தார். ஆனால் அது கண்காட்சி ஆட்டம்.

விரிகுடாவின் எதிர்க்கரையில் ஓக்லண்ட் கொலிசியம் இருக்கிறதே, அதற்கு நேர் எதிர் ராசி. பெரிய லீக்கிலேயே அகலமான ஃபவுல் பகுதி அங்கேதான் இருந்தது, ஃபுட்பாலுக்கும் சேர்த்துக் கட்டியதால். பேஸ்பால் ரசிகர்கள் அதைப் பல வருஷம் திட்டினார்கள். 2024 சீசனோடு, அங்கே ஆடிய பேஸ்பால் அணியான ஏ'ஸ் கிளம்பிப்போனது. 2025 ஜூனில் மேஜர் லீக் கிரிக்கெட் அங்கே வந்தது. முதல் ஆட்டத்திலேயே சான் பிரான்சிஸ்கோ யூனிகார்ன்ஸின் ஃபின் ஆலன் 51 பந்தில் 151, அதில் 19 சிக்ஸர். அந்த அணியின் உரிமையாளர்கள் ஆனந்த் ராஜாராமன், வெங்கி ஹரிநாராயண் இருவரும் ஐஐடி மெட்ராஸில் படித்தவர்கள்.

சன்னிவேல்_புதுவரவு எழுதியது:

நன்றி எல்லோருக்கும். அடுத்து எந்த ஆட்டத்துக்குப் போகலாம்? டாட்ஜர்ஸ் வரும்போது போனால்தான் மஜா என்கிறார் ஆபீஸ் நண்பர்.

டேலி_சிட்டி_மாமா எழுதியது:

டாட்ஜர்ஸ் ஆட்டம் விலை எகிறும், பாதிக் கூட்டம் நீலச்சட்டை வேறு. திறப்புவிழா ஆட்டத்திலேயே டாட்ஜர்ஸின் கெவின் எல்ஸ்டர் மூன்று ஹோம் ரன் அடித்து 6-5 என்று ஜெயித்துவிட்டுப் போனான், அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் இருக்கிறது. வாரநாள் பகல் ஆட்டமாகப் பாருங்கள், விலை குறைவு, வெயிலும் இருக்கும். ஜாக்கெட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள்.